ஹைகன்ஸ்: பிடிபட்ட பிழையும் தப்பிய பிழையும்

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் சனிக்கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனின் காற்றுக்குள் நுழைந்து, பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் தொங்கியபடி இறங்கி, தரையில் அமர்ந்தது. சூரியக் குடும்பத்தின் வெளிப்பகுதியில் ஒரு கலம் தரையிறங்கியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் அங்கே எதுவும் இறங்கவில்லை. இதை எல்லோரும் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று ஐந்து வருடம் முன்னாலேயே பிடிபட்டது. மற்றது இறங்கிய அன்றுதான் தெரியவந்தது. இரண்டுமே கருவிகளில் வந்த பிழைகள் அல்ல, கருவிகள் சொன்னதைக் கேட்டு வாங்க வேண்டிய ரேடியோ இணைப்பில் வந்தவை.

வேற்றுலகத்துக் காற்றையும் மண்ணையும் அளப்பது என்றால் நாம் கேமராவையும் வாயு அளக்கும் கருவியையும்தான் நினைக்கிறோம். அளந்தது நம் கைக்கு வந்து சேர்வதும் அதே அளவுக்குப் பெரிய வேலை. ஹைகன்ஸில் அது எங்கே தடுமாறியது, எப்படி மீண்டது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஏன் உள்ளே இறங்க வேண்டியிருந்தது

டைட்டனை 1655-ல் கண்டுபிடித்தவர் டச்சு வானியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். கலத்துக்கு வைத்தது அவர் பெயரைத்தான். டைட்டனின் விட்டம் 5,150 கி.மீ., புதன் கோளைவிடப் பெரியது. 1944-ல் ஜெரார்டு கைப்பர் அதன் நிறமாலையில் மீத்தேனின் தடத்தைப் பார்த்து, அங்கே காற்று இருக்கிறது என்று காட்டினார். 1980 நவம்பரில் நாசாவின் வாயேஜர் 1 கலம் பக்கத்தில் போய்ப் படமெடுத்தபோது கிடைத்தது ஓர் ஆரஞ்சு நிற உருண்டை, அவ்வளவுதான். மலையா, சமவெளியா, கடலா, எதுவும் தெரியவில்லை. புகைமூட்டம் முழுவதையும் மூடியிருந்தது.

ஆனாலும் வாயேஜர் ஒரு காரியம் செய்தது. அது டைட்டனுக்குப் பின்னால் மறையும்போது, அது அனுப்பிய ரேடியோ அலை அந்தக் காற்றை உரசிக்கொண்டு பூமிக்கு வந்தது. அலை எவ்வளவு வளைந்தது என்பதை வைத்துத் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு என்றும், வெப்பநிலை மைனஸ் 180 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம் என்றும் கணக்கிட்டார்கள். காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அந்தக் குளிரில் மீத்தேன் திரவமாகத் தேங்கலாம், ஆவியாகலாம், மழையாகவும் பெய்யலாம். அதாவது பூமியில் தண்ணீர் செய்கிற எல்லாவற்றையும் அங்கே மீத்தேன் செய்யக்கூடும்.

செய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் உள்ளே போயாக வேண்டும். சுற்றிவரும் கலம் வரைபடம் தரும், ரேடாரால் மூட்டத்தைத் துளைத்துத் தரையின் மேடுபள்ளம் பார்க்கும். எந்த உயரத்தில் எந்த வாயு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தரை ஈரமா காய்ந்ததா என்பதையெல்லாம் அந்தக் காற்றின் ஊடாகவே இறங்கும் ஒன்றால்தான் நேரடியாகச் சொல்ல முடியும்.

அதற்காக நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் இத்தாலிய விண்வெளி முகமையும் சேர்ந்து அனுப்பியதுதான் காசினி-ஹைகன்ஸ். 1997 அக்டோபர் 15 அன்று கிளம்பி, 2004 ஜூலை 1 அன்று சனியின் சுற்றுப்பாதைக்குள் போனது. காசினி தாய்க்கலம். ஐரோப்பா செய்த ஹைகன்ஸ் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு போன 318 கிலோ இறங்குகலம். உள்ளே ஆறு கருவிகள். தரையா கடலா என்று தெரியாததால் இரண்டுக்கும் தயாராகத்தான் அதைச் செய்திருந்தார்கள்.

ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹைகன்ஸுக்குக் காது கிடையாது. காசினியிடமிருந்து பிரிந்த பிறகு அதற்கு எந்த ஆணையும் அனுப்ப முடியாது. உள்ளே இருக்கும் நேரக்கருவி எழுப்பும், விழித்துக்கொள்ளும், இறங்கும், பேசிக்கொண்டே இருக்கும். அது பேசுவதைக் காசினி கேட்டுப் பதிவு செய்து, அப்புறம் பூமிப் பக்கம் திரும்பி அனுப்பும். காசினி கேட்கத் தவறினால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

பிட் நசுங்கிய கதை

காசினி பயணத்தில் இருந்தபோதே, அதன் ரிசீவர் ஹைகன்ஸின் குரலைச் சரியாகக் கேட்குமா என்று ஒருமுறை சோதிக்கலாம் என்ற யோசனை வந்தது. ஹைகன்ஸ் இன்னும் காசினியோடுதான் ஒட்டியிருக்கிறது. அதனால் பூமியிலிருந்தே ஓர் ஆன்டெனா ஹைகன்ஸ்போல் நடித்துப் பேச வேண்டும். எளிமையாகச் செய்வதென்றால் வெறும் தாங்கு அலையை, அதாவது தரவைச் சுமந்து செல்லும் அடிப்படை ரேடியோ அலையை மட்டும் அனுப்பி, ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் டார்ம்ஸ்டாட் மையத்தில் இருந்த போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளருக்கு அது போதவில்லை. தாங்கு அலையின் மேல் உண்மையான தரவையும் ஏற்ற வேண்டும், இறங்கும் நாளில் இருக்கப்போகும் டாப்ளர் மாற்றத்தையும் (இரண்டு கலங்களும் நெருங்கும்போது அலை நசுங்குவது, விலகும்போது நீள்வது) அதில் சேர்க்க வேண்டும், குரல் கூடிக் குறைவதையும் போலச் செய்ய வேண்டும் என்றார். முதலில் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. சிக்கலான வேலை, தேவையும் இல்லை என்றுதான் தோன்றியது. அவர் விடவில்லை. ஹைகன்ஸ் இயக்கக் குழுவின் தலைவர் கிளாடியோ சொல்லாட்சோவும் கூட நின்றார்.

2000 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து சோதனை நடந்தது. தாங்கு அலை மட்டும் போனபோது எல்லாம் சரி. டாப்ளர் இல்லாமல் தரவு போனபோதும் சரி. டாப்ளரோடு தரவு போனதும், காசினி திருப்பி அனுப்பியது குப்பையாக இருந்தது.

காரணத்தை எண்களோடு பார்த்தால்தான் அது எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். ஹைகன்ஸின் தாங்கு அலை சுமார் 2,040 மெகாஹெர்ட்ஸ். பழைய திட்டப்படி காசினி அதை நோக்கி நொடிக்குச் சுமார் 5.5 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வரும். நெருங்கி வருவதால் அலை கிட்டத்தட்ட 38 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். இதை வடிவமைப்பாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள், ரிசீவரும் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஆனால் அலை நசுங்கும்போது அதன் மேல் ஏறி வரும் தரவும் சேர்ந்து நசுங்கும். நொடிக்கு 8,192 பிட் என்பது நொடிக்கு 8,192.15 பிட் ஆகிவிடும். வித்தியாசம் ஒரு பிட்டில் ஏழில் ஒரு பங்குதான். ஒவ்வொரு பிட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கும் பகுதி ரிசீவருக்குள் இருக்கிறது. தாளம் 8,192-ஐ விட்டு நகராது என்று நம்பி அதைச் செய்திருந்தார்கள். ஏழு நொடி போனால் ஒரு முழு பிட் தப்பிவிடும். ஒரு பிட் தப்பினால் அதற்குப் பின் வரும் வரிசை எதுவும் அர்த்தப்படாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். ஆறு கருவிகளும் ஒழுங்காக வேலை செய்திருக்கும், பாராசூட் விரிந்திருக்கும், கலம் பத்திரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். காசினிக்குள் பதிவாகியிருப்பது மட்டும் யாருக்கும் உதவாத இரைச்சலாக இருந்திருக்கும். அந்த 0.15 பிட்டை முன்கூட்டியே பார்த்தது ஒரு மனிதரின் பிடிவாதம்.

அந்தத் தாளத்தைப் பறந்துகொண்டிருக்கும்போது மாற்றுவதற்கு வழியே வைத்திருக்கவில்லை. புறப்படுவதற்கு முன் தரையில் இப்படி ஒரு முழுச் சோதனை செய்திருந்தால் சில நாளில் சரிசெய்யக்கூடிய விஷயம். அப்படிச் செய்வதென்றால் பூட்டிய பாகங்களைக் கழற்றி, மறுபடி பூட்டி, மறுபடி சான்று வாங்க வேண்டும் என்பதால் அது நடக்காமலே போனது.

ரிசீவரை விட்டு, பாதையை மாற்றினார்கள்

கருவியை மாற்ற முடியாது, சரி. டாப்ளரையே குறைத்தால்? நாசாவும் ஐரோப்பிய முகமையும் சேர்ந்து அமைத்த குழு 2001-ல் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நான் மிகவும் ரசிக்கும் பகுதியும் இதுதான்.

டாப்ளர் மாற்றம் மொத்த வேகத்தைப் பொறுத்ததல்ல, இரண்டு கலங்களையும் இணைக்கும் நேர்கோட்டில் நெருங்கும் வேகத்தைப் பொறுத்தது. காசினி ஹைகன்ஸை நோக்கி நேராகப் பாய்ந்தால் தரவு நசுங்கும். தள்ளி நின்று குறுக்காகக் கடந்தால் அதே வேகத்தில் போனாலும் நசுங்கல் குறையும். பழைய திட்டத்தில் காசினி டைட்டனுக்கு 1,200 கி.மீ. மேலே பறந்து போக வேண்டும். புதிய திட்டத்தில் அது சுமார் 60,000 கி.மீ. தள்ளிப் போயிற்று. அதற்காகச் சனியைச் சுற்றும் முதல் இரண்டு சுற்றுகளை மூன்று சிறிய சுற்றுகளாகப் பிரித்தார்கள். ஹைகன்ஸ் இறங்கும் நாள் 2004 நவம்பரிலிருந்து 2005 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதன் பிறகு காசினி தன் பழைய பயணத் திட்டத்துக்கே திரும்பிவிடும்படி பார்த்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் எரிபொருள் செலவானது, ஆனால் தாங்கக்கூடிய அளவில்தான்.

இன்னொரு சின்ன வேலையும் செய்தார்கள். ஹைகன்ஸை முன்பு திட்டமிட்டதைவிட நான்கு மணி நேரம் முன்னதாக எழுப்பும்படி அதன் நேரக்கருவியை வைத்துவிட்டார்கள். உள்ளே மின்னணுப் பகுதிகள் சூடேறினால் கடிகாரத்தின் துடிப்பு மயிரிழை அளவு மாறும், அந்த மாற்றம் பிட்டின் தாளத்தை நமக்குச் சாதகமான பக்கம் தள்ளும். கருவியைத் தொட முடியாதவர்கள் பாதையையும் வெப்பத்தையும் வைத்தே அதைச் சரிக்கட்டினார்கள்.

இறங்கிய நாள்

2004 டிசம்பர் 25 அன்று ஹைகன்ஸ் காசினியை விட்டுப் பிரிந்தது. நிமிடத்துக்கு ஏழு சுற்று வீதம் சுழன்றபடி 20 நாள் தனியாகப் போனது. ஜனவரி 14 அன்று நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் டைட்டனின் காற்றில் மோதியது. வெப்பக்கவசம் வேகத்தைத் தின்றது. 2.6 மீட்டர் பாராசூட், அது இழுத்துவிட்ட 8.3 மீட்டர் பாராசூட், பதினைந்து நிமிடம் கழித்து அதையும் கழற்றிவிட்டு 3 மீட்டர் பாராசூட்.

காசினி அப்போது டைட்டனைப் பார்த்தபடி இருந்ததால் பூமிக்கு அதனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. உலகப் பொது நேரம் காலை 10:20-ஐத் தாண்டியபோது அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி ஒரு மெல்லிய ஒலியைப் பிடித்தது. ஹைகன்ஸின் தாங்கு அலை. 120 கோடி கி.மீ. தொலைவு, சுமார் 10 வாட், ஒரு சிறு விளக்கின் திறன். அந்தத் தூரத்தில் தரவை எடுக்க முடியாது. ஆனால் குரல் கேட்கிறது என்றாலே பாராசூட் விரிந்துவிட்டது, கலம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

சில மணி நேரம் கழித்துக் காசினி திரும்பி, பதிவு செய்ததை அனுப்பத் தொடங்கியது. ஐந்து வருடம் கவலைப்பட்ட டாப்ளர் சிக்கல் எங்கேயும் தலைகாட்டவில்லை. இரண்டாவது சேனலில் தரவு ஏறத்தாழ முழுசாக வந்தது. முதல் சேனல் வெறுமையாக இருந்தது.

பட்டியலில் இல்லாத வரி

ஹைகன்ஸ் ஏ, பி என்று இரண்டு சேனல்களில் பேசியது. காசினியில் அவற்றைக் கேட்க இரண்டு ரிசீவர்கள். ஏ சேனலின் ரிசீவருக்கு மிகத் துல்லியமான அலையியற்றி (சீரான அலையை உண்டாக்கும் கருவி) ஒன்று தேவை. அதை இயக்கச் சொல்லும் ஆணை காசினிக்கு அனுப்பிய ஆணைத் தொகுப்பில் இல்லை. ஹைகன்ஸ் ஏ சேனலில் இரண்டரை மணி நேரம் பேசியது, கேட்க யாரும் இல்லை.

யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது, அவரவர் சேனல்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. பெரும்பாலான கருவிகள் ஒரே தரவை இரண்டிலும் அனுப்பின, அதனால் அவற்றுக்குப் பெரிய நஷ்டமில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டொமாஸ்கோ தலைமையிலான கேமராக் குழு படங்களை இரண்டாகப் பிரித்து, பாதியை ஏ-யிலும் பாதியை பி-யிலும் அனுப்பத் துணிந்திருந்தது. 700 படம் கிடைக்க வேண்டிய இடத்தில் சுமார் 350 கிடைத்தது. அவர்கள் எடுத்தது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். மூட்டத்துக்குள் என்ன தெரியும் என்றே தெரியாத இடத்தில் இரட்டிப்புப் படங்களுக்கு ஆசைப்படுவது நியாயம்தான்.

உண்மையில் இடி விழுந்தது பான் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பேர்ட் குழுவின் மேல். காற்றின் வேகத்தை அளக்கும் அவர்கள் சோதனை முழுக்க முழுக்க ஏ சேனலை நம்பியிருந்தது. ஹைகன்ஸின் தாங்கு அலை டாப்ளரால் எவ்வளவு நகர்கிறது என்று காசினி அளந்தால், காற்று கலத்தை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். முதல் பிழையில் எதிரியாக இருந்த டாப்ளர் இந்தச் சோதனையில் அளவுகோல். ரிசீவர் ஓடாததால் வருடக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் கைவிட்டுப் போனது.

ஆனால் அதே அலை பூமிக்கும் வந்துகொண்டிருந்ததே! கூடுதல் துணையாக இருக்கட்டும் என்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் 17 ரேடியோ தொலைநோக்கிகளை அன்று டைட்டன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கிரீன் பேங்கும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸும் பதிவு செய்த அலையில் ஹைகன்ஸின் ஒவ்வொரு அசைவும் இருந்தது. பூமியின் சுழற்சி, டைட்டனின் ஓட்டம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது காற்று. பேர்டின் குழு அதிலிருந்தே காற்றின் வேகத்தை உயரவாரியாக மீட்டெடுத்தது. 120 கி.மீ. உயரத்தில் நொடிக்கு சுமார் 120 மீட்டர் வேகம், டைட்டன் சுழலும் திசையிலேயே. கீழே வரவரக் குறைந்து, 80 கி.மீ. பக்கம் கிட்டத்தட்ட நின்றேபோகிறது. அதற்குக் கீழே மறுபடி கூடுகிறது. தரைக்குப் பக்கத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் மென்காற்று, அதுவும் திசை மாறி. நடுவில் காற்று அப்படி ஓய்ந்துபோகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

காற்றும் மண்ணும் சொன்னவை

தரையில் அழுத்தம் 1,467 மில்லிபார், அதாவது பூமியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி. வாயேஜர் தொலைவிலிருந்து கணக்கிட்டது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். புகைமூட்டம் எதிர்பார்த்ததைவிடக் கீழே வரை நீண்டது. சுமார் 30 கி.மீ.-க்குக் கீழே வந்த பிறகுதான் தரை ஓரளவு தெளிந்தது. ஹாசோ நீமான் தலைமையிலான குழுவின் வாயுப் பகுப்பாய்வுக் கருவி, உயரத்தில் 1.4 சதவீதமாக இருந்த மீத்தேன் தரையருகே 5 சதவீதம் வரை கூடியதைக் காட்டியது. ஆர்கான் 40 என்ற வாயுவையும் கண்டது. அது பாறைக்குள் இருக்கும் பொட்டாசியம் 40 சிதைவதால் உண்டாவது. ஆக, டைட்டனின் வயிற்றுக்குள்ளிருந்து வாயு வெளியே கசிந்திருக்கிறது. சூரிய ஒளி மீத்தேனைக் கோடிக்கணக்கான வருடங்களாகச் சிதைத்துக்கொண்டே இருப்பதால், அது தீர்ந்துபோகாமல் இருக்க எங்கிருந்தோ வந்துகொண்டிருக்க வேண்டும். கசிவுக்கு ஆதாரம் கிடைத்தது அந்த வகையில் முக்கியம்.

படங்களில் கிளைகிளையாகப் பிரிந்து ஓடிய வாய்க்கால்கள். வெளிர்நிற மேட்டிலிருந்து இறங்கி, காய்ந்த ஏரிப்படுகைபோல் இருண்ட சமவெளியில் முடிகின்றன. தரையிறங்கிய பிறகு எடுத்த படத்தில் உருண்டைக் கற்கள், பெரியவை 15 செ.மீ. வரை. பாறை அல்ல, தண்ணீர்ப் பனிக்கட்டி, அந்தக் குளிரில் கல்லைப்போல் இறுகியது. ஆற்றங்கரைக் கூழாங்கல் எப்படி முனை மழுங்கியிருக்குமோ அப்படியே இருக்கின்றன. ஏதோ ஒரு திரவம் உருட்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த அளவீடு தரையைத் தொட்ட பிறகு நடந்தது. வாயுப் பகுப்பாய்வுக் கருவியின் நுழைகுழாய் சூடாக இருந்தது. அது மண்ணைத் தொட்டதும், அதுவரை சீராக இருந்த மீத்தேன் அளவு சட்டென்று 40 சதவீதம் ஏறியது. நைட்ரஜன் ஏறவில்லை. சூடு பட்ட மண்ணிலிருந்து மீத்தேன் ஆவியாகி வந்திருக்கிறது. அதாவது, மேலே பார்க்கக் காய்ந்திருந்த அந்த மண் உள்ளே ஈரமாக இருந்தது. குளிர்ந்த கலமாக இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. வெறும் ஒரு குழாயின் சூடு ஒரு நிலவின் நிலத்தடி ஈரத்தைக் காட்டிக்கொடுத்தது.

ஜான் சார்னெக்கி தலைமையிலான தரைக்கருவிக் குழு, கலம் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டதையும், மண் ஈர மணலைப்போல் அமுங்கியதையும் பதிவு செய்தது. பல வருடம் கழித்து அந்தப் பதிவுகளை மறுபடி அலசியவர்கள், கலம் 12 செ.மீ. குழி பறித்து, துள்ளி, 30 முதல் 40 செ.மீ. சறுக்கி, ஐந்து முறை ஆடி, பத்து நொடியில் அடங்கியதாகக் கண்டார்கள்.

இரண்டு பிழைகளும் எங்கே வேறுபடுகின்றன

முதல் பிழை பிடிபட்டதற்குக் காரணம், சோதனையில் காசினி கேட்டது இறங்கும் நாளில் கேட்கப்போகும் குரலையே. தரவு, டாப்ளர், குரலின் ஏற்ற இறக்கம் மூன்றும் ஒன்றாக. தனித்தனியாக எதைக் கொடுத்திருந்தாலும் ரிசீவர் தேறியிருக்கும்.

இரண்டாவது பிழை வேறு வகை. ஆணைத் தொகுப்பில் இருக்கும் எந்த வரியிலும் தவறு இல்லை. தவறு, இல்லாத ஒரு வரியில் இருந்தது. எத்தனை பேர் உட்கார்ந்து படித்தாலும், இருப்பதைத்தான் படிப்பார்கள். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் படிப்பதை நிறுத்திவிட்டு, 'இந்த வரிசையை ஓட்டி முடிக்கும்போது ஏ ரிசீவர் எந்த நிலையில் இருக்கும்?' என்று விளைவின் பக்கமிருந்து கேட்க வேண்டும். ஸ்மெட்ஸ் 2000-ல் கேட்டது சாரத்தில் இதே கேள்விதான். ரிசீவரின் வடிவமைப்பை அவர் படித்துக்கொண்டிருக்கவில்லை, அது கடைசியில் என்ன தருகிறது என்று பார்த்தார்.

இரண்டு சேனல் வைத்திருந்தது வீணா என்று கேட்டால், இல்லவே இல்லை. ஒரே சேனல் இருந்து அதன் வரி விடுபட்டிருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. ஆனால் இரண்டு சேனல் இருக்கிறது என்பதும், என் தரவு இரண்டிலும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. காற்றுச் சோதனையைக் காப்பாற்றியது இரண்டாவது சேனல்கூட இல்லை. முற்றிலும் வேறொரு வழியாக, வேறு ஆட்கள், வேறு கருவிகளால் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

தரையிறங்கி 72 நிமிடம் ஆனதும் ஹைகன்ஸின் பார்வையில் காசினி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது. கேமரா அதே கூழாங்கற்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து அனுப்பியபடியே இருந்தது. அதைப் பதிவு செய்யக் காசினி இல்லை. பார்க்ஸ் தொலைநோக்கியில் அந்த மெல்லிய அலை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.